குறி பிழையாத அளவு

வில்லாளனைப் பாடிய புலவர் பலர். அவனுக்கு அம்பு செதுக்கிக் கொடுத்தவனைப் பாடியவர் மிகச் சிலரே. அருச்சுனன் சுழலும் மீனை எய்து வீழ்த்திய கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம். அவன் எடுத்த அம்பு கோணலற்று இருந்தது என்பதை ஒரு செய்தியாக எவரும் எடுத்துச் சொல்வதில்லை. தண்டு ஓரிடத்தில் நெல்லளவு தடித்திருந்தாலும், இறகு ஒரு பக்கம் மயிரிழை சாய்ந்திருந்தாலும், அந்தக் கண்ணும் கையும் என்ன செய்திருக்க முடியும்? புறநானூற்றுப் பொன்முடியாரோ, ஒரு வீரனை உருவாக்குவோர் வரிசையிலே தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் இடையே கொல்லனையும் நிறுத்தி வைத்தார்.

இக்கட்டுரை அந்தக் கொல்லனின் பக்கத்தில் நின்று எழுதப்படுவது. துவக்குக்கு வேண்டிய தோட்டாவைத் தன் வீட்டு மேசையிலே தானே அளந்து நிரப்பிக்கொள்ளும் கலையே இதன் பொருள். இலக்கியப் பக்கத்திலே துவக்குக்கு என்ன வேலை என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1983 முதல் 2009 வரை இந்நாடு கண்ட போர்க்காலத்தில் அந்தச் சொல் நம்மவர் செவிக்கு எத்தகைய பொருளைத் தந்தது என்பதை நான் அறிவேன். லயத்துக் கூரையிலே ஒரு வெற்றுக்கோது கிடந்தால்கூட வீட்டிலுள்ளோர் நடுங்கிய நாள்கள் அவை; தோட்டத்து இளைஞர் பலர் ஐயத்தின் பேரிலே கொண்டு செல்லப்பட்ட நாள்களும் அவையே. ஆயினும், அஞ்சத்தக்க பொருளை அறியாதிருப்பது அச்சத்திற்கு மருந்தாகாது. அன்றியும், அளவு என்றால் என்ன என்பதை நான் கணித நூல்களிலே கற்றதைவிட இக்கலையிலே கற்றது அதிகம்.

முதலில் கலையின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். இக்காலத் தோட்டாவிலே நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கோது, அதன் அடியிலே பொறி எழுப்பும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயிலே செருகப்பட்ட ரவை. வெடி தீர்ந்ததும் ரவை பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு செத்துவிடும். கோது மாத்திரம் எஞ்சும். அந்தக் கோதைப் பொறுக்கியெடுத்து, துடைத்து, பழைய உருவத்திற்கு அழுத்தி, புதிய கேப்புப் பொருத்தி, மருந்தை நிறுத்து இட்டு, புதிய ரவையைச் செருகினால் தோட்டா மறுபிறப்பு எடுக்கிறது. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளிலே, சட்டத்தின் எல்லைக்குள் நின்று, பல்லாயிரவர் இதனை ஒரு பொழுதுபோக்காகவும் நுண்கலையாகவும் செய்து வருகின்றனர். காசு மிச்சப்படுவது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் வேறு. தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துவக்குகளுக்கும் பொதுவாகச் செய்யப்படுவது. தன் கையால் நிரப்பியதோ தன் ஒரு துவக்கின் குணத்தை அறிந்து அதற்கென்றே செய்யப்படுவது. உட்புறத்தே முறுக்கு வரி வெட்டப்பட்ட றைபிள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிடிவாதம் உண்டு என்பர் அதனைக் கையாள்வோர்.

இந்தக் கலையைப் பற்றிச் சபரகமுவ மாகாணத்தை நினையாமல் என்னால் எழுத முடியாது. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்த இம்மாகாணத்தின் பெயருக்கே ‘சபரர்’ என்னும் வேடர் குலத்தாரின் ஊர் என்று பொருள் சொல்வாருண்டு. சிவனொளிபாதமலையின் நிழலிலே, களு கங்கையும் களனி கங்கையும் இறங்கி ஓடும் இப்பள்ளத்தாக்குகளில் இறப்பரும் தேயிலையும் வருவதற்கு முன்னர் அடர்காடும் வேட்டையும் இருந்தன. வேட்டையோடு இரும்பும் இருந்தது.

பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவாவியில் அணை கட்டப்படுவதற்கு முன்னர், அங்கே தொல்லியல் ஆய்வு நடந்தது. ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர், மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளிலே பழைய இரும்புருக்கு உலைகளின் எச்சங்களைக் கண்டார். துருத்தி ஊதாமல், தென்மேற்குப் பருவக்காற்றையே உலைக்குள் இழுத்து இரும்பு உருக்கிய முறை அது. கி.பி. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை அவ்வுலைகள் எரிந்தன. அதே வடிவில் ஓர் உலையைக் கட்டி எரித்துப் பார்த்து, முறை பலிக்கும் என்பதையும் மெய்ப்பித்து, 1996இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டிலே வாள்களைப் பற்றி நூல் எழுதிய அராபிய அறிஞர் அல்கிந்தி, சரந்தீப்பின் உருக்கையும் குறித்திருக்கிறார். நம் ‘உருக்கு’ என்ற சொல்லோடு உறவுடைய ‘வூட்ஸ்’ என்ற பெயராலேயே மேனாட்டார் அவ்வகை உலோகத்தை அறிவர்.

அந்த மரபின் கடைசி மூச்சைக் கண்டு எழுதி வைத்தவர் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி. அவர் கலை மேதையாகப் புகழ் பெறுமுன் கனிப்பொருளியல் அறிஞராக இலங்கையில் பணியாற்றியவர் என்பதை மாணவர் பலர் மறந்துவிடுகின்றனர். பலாங்கொடைப் பகுதியிலே அளுத்நுவரவில் எஞ்சியிருந்த உருக்குத் தொழிலாளரைக் கொண்டு உருக்கு வார்க்கும் முறையைச் செய்துகாட்டச் சொல்லிக் கண்டு, 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற தம் ஆங்கில நூலில் அதனை விரித்துரைத்தார். மண்ணாற் செய்த சிறு மூசையிலே இரும்புத் துண்டையும் மரச் செத்தலையும் அளந்து இட்டு, வாயை மண்ணால் அடைத்து, உலையில் வைத்து, உள்ளே திரவமாயிற்றா என்பதை அசைத்து ஒலியால் அறியும் தொழில் அது. தராசில்லை, வெப்பமானி இல்லை. ஆனால் அளவு இருந்தது. மரம் ஒரு பிடி மிகுந்தால் உருக்கு நொறுங்கும். குறைந்தால் வெறும் இரும்பாய் நின்றுவிடும்.

இத்தகைய கைகளே துவக்குக் குழல்களையும் செய்தன. போர்த்துக்கேயர் 1505இல் இக்கரையை அடைந்து பீரங்கியின் ஓசையைக் கேட்பித்த ஒரு நூற்றாண்டுக்குள், சிங்களக் கம்மியர் துவக்குச் செய்வதிலே ஆசானை விஞ்சிய மாணாக்கராயினர். 1583 முதல் 1588 வரை கோவாவில் வாழ்ந்த ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், இலங்கைக் குழல்களின் அழகையும் பளபளப்பையும் வியந்து எழுதினார். கேகாலை மாவட்டத்து மாவனெல்லைக்கருகே உதுவன்கந்தையில் ஒளிந்து வழிப்பறி செய்த சரதியேலின் கதையிலும் துவக்கே முதன்மைப் பாத்திரம். 1864 மார்ச் 21இல் அவனைப் பிடிக்கச் சென்ற வேளையிலே சுடப்பட்டு மாண்ட துவான் சபான், கடமையின்போது உயிர்நீத்த முதற் பொலிஸ்காரராக இந்நாட்டில் ஆண்டுதோறும் நினைக்கப்படுகிறார்.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்துத் துவக்குகளுக்கு ஆயத்தத் தோட்டா என்று ஒன்றில்லை. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தக்கையை இடித்து, ஈய உருண்டையை இறக்கி, மீண்டும் இடிக்க வேண்டும். ஆகவே கையால் நிரப்புதல் என்பது அன்று ஒரு தனிக்கலையன்று. துவக்குப் பிடித்த ஒவ்வொருவனும் நிரப்புவோனாகவே இருந்தான். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவிலே குடியேறி 1855இல் தாயகம் திரும்பிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரிடம் 1840இல் செய்வித்த தமது பெரிய றைபிளின் கணக்கைப் பின்னாளில் எழுதி வைத்தார். எடை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். ஒரு வெடிக்கு மருந்து 16 திராம், அதாவது முழுமையாக ஓர் அவுன்சு. அக்காலத்தார் சிறிதளவு மருந்தே போதும் என்றிருக்க, பேக்கரோ துவக்கின் எடையைக் கூட்டி மருந்தையும் கூட்டினார். எடைக்கேற்ற மருந்து, மருந்துக்கேற்ற எடை என்ற கணக்கு அது. அதே காலத்தில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று பேர் பெற்ற மேஜர் றொஜர்ஸ், 1845இல் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி இறந்தார். மலைநாட்டுக் காடுகளை வெறுமையாக்கியவையும் கையால் நிரப்பிய துவக்குகளே என்பதை மறைப்பதற்கில்லை. அளவு அறிந்தவன் எல்லாம் அறம் அறிந்தவன் ஆகிவிடுவதில்லை.

இனி, அளவு ஏன் குறியை ஆள்கிறது என்பதற்கு மாணவர்கள் ஏட்டிலே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரவை குழலை விட்டு வெளிவந்த கணமே பூமி அதனைக் கீழே இழுக்கத் தொடங்குகிறது. 300 மீற்றருக்கு அப்பால் ஒரு குறி. ரவையின் வேகம் செக்கனுக்கு 600 மீற்றர். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால் அது குறியை அடைய அரைச் செக்கன் ஆகும். அந்த அரைச் செக்கனில் ஏறக்குறைய 122 சென்ரிமீற்றர் கீழே விழும். அடுத்த தோட்டாவிலே மருந்து சற்றுக் குறைந்து வேகம் 580 மீற்றர் ஆயிற்று என்று கொள்வோம். இப்போது வீழ்ச்சி 131 சென்ரிமீற்றர். அதே கண், அதே கை, அதே துவக்கு; ஆயினும் இரண்டாவது ரவை ஏறக்குறைய ஒன்பது சென்ரிமீற்றர் கீழே படுகிறது. சுட்டவன் தன் கை நடுங்கியதாக நினைத்து வருந்துவான். பிழை கையிலன்று, முந்திய இரவு தராசிலே நேர்ந்தது.

முதல் துவக்கு வேகமானது, இரண்டாவது மெதுவானது என்பதல்ல இங்கே சிக்கல். எல்லாத் தோட்டாக்களும் 580 என்றால் குறிகாட்டியைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். எல்லாம் 600 என்றால் தாழ்த்திக்கொள்ளலாம். சில அப்படியும் சில இப்படியும் என்றால் அதற்குத் திருத்தமே இல்லை. கையால் நிரப்புவோர் தேடுவது வேகத்தையன்று, மாறாமையை. நேற்று நிரப்பியதும் இன்று நிரப்பியதும் ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய தவம்.

இங்கிலாந்திலே பெஞ்சமின் றொபின்ஸ் 1742இல் ஊசற்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, ரவை பட்டதும் அது எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தை அளக்கும் வழியைச் சொன்னார். அதுவரை துவக்கின் வேகம் கட்டுக்கதையாக இருந்தது, அதன்பின் எண்ணாயிற்று. அடுத்த நூற்றாண்டிலே ஜோசப் விட்வர்த் தோன்றினார். திருகாணிகளின் புரிகளுக்கு 1841இல் பொது அளவு வகுத்த பொறியியலாளர் அவர். அங்குலத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக்கூட அளக்கும் கருவி செய்தவர். துவக்குத் தொழிலிலே பிறவாத அவர் றைபிள் செய்தபோது, அறுகோணத் துளையும் அதற்கு இசைந்த அறுகோண ரவையுமாகச் செய்தார். 1860இல் விம்பிள்டனில் தேசிய றைபிள் சங்கத்தின் முதற் போட்டியை விக்டோரியா மகாராணியார் தொடக்கி வைத்தபோது, தாங்கியிலே பூட்டிய விட்வர்த் துவக்கின் விசையைப் பட்டுக் கயிற்றால் இழுத்தார். 400 யார் தூரத்திலே குறியின் நடுவுக்கு ஒன்றேகால் அங்குலத்திலே ரவை பட்டது. போர்வீரன் கையிலே கிட்டாத குறி, அளவு வகுத்தவன் கைவேலையிலே கிட்டிற்று.

1866இல் பொக்ஸர், பேர்டன் என்போர் வெவ்வேறு நாட்டில் கேப்புப் பொருத்தும் முறைகளைச் செம்மை செய்த பின், பித்தளைக் கோது உலகெங்கும் பரந்தது. அக்கோதை எறியாமல் மீண்டும் நிரப்பும் வழக்கமும் கூடவே பிறந்தது. 1909இல் அமெரிக்க மருத்துவர் பிராங்ளின் மான், பலகால ஆய்வுகளைத் தொகுத்து, ரவையின் பயணத்தைப் பற்றி ஒரு பெரும் நூல் வெளியிட்டார். மனிதக் கையின் பிழையை விலக்குவதற்காக அசையாத திண்ணைத் தாங்கி ஒன்றைக் கட்டி, அதற்குச் ‘சுடும் ஜிப்ரால்டர்’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டவர் அவர். ரவையின் மூக்கை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டார். பெரிதாகக் குறி மாறவில்லை. அதன் அடியைச் சிறிது சிதைத்துச் சுட்டார், குறி தப்பிற்று. எல்லார் கண்ணும் கூர்முனையிலே இருக்க, ஒருவரும் பாராத அடிப்புறமே வழியைத் தீர்மானிக்கிறது என்று அவர் கண்டார். வகுப்பறையிலே முன்வரிசைப் பிள்ளைகளை மாத்திரம் பார்த்துப் பாடம் நடத்துவோர் இதனைச் சற்றே சிந்திக்கலாம்.

இன்று இக்கலையைச் செய்வோன் மேசையிலே என்ன காண்கிறோம்? ஒரே வகைக் கோதுகள், எத்தனை முறை வெடித்தன என்ற கணக்குப்படி பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றின் நீளம் அளக்கப்பட்டு, மிகுந்தது அரியப்பட்டிருக்கும். ரவைகள் நிறுத்துச் சேர்க்கப்பட்டிருக்கும். ரவை கோதுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும் ஒரேபடி இருக்கும். ஒரு சமயத்தில் ஒன்றை மாத்திரமே மாற்றிப் பார்ப்பது இவர்களுடைய முதல் விதி. இரண்டை மாற்றினால் எது எதைச் செய்தது என்று அறிய முடியாதல்லவா? மேசை ஓரத்திலே ஒரு குறிப்பேடும் உண்டு. நாள், மருந்து, எடை, வெயிலா மழையா, குறி எங்கே பட்டது என்பவை அதிலே பதியப்படும். ஒரே கோதிலே தவறுதலாக இருமுறை மருந்து விழுந்துவிட்டால் துவக்கே வெடித்துச் சுட்டவனைக் கொல்லும் என்பதால், நிரப்பும்போது பேச்சில்லை, புகையில்லை, அவசரமில்லை. பூசையறை ஒழுக்கம் என்றே சொல்லலாம்.

இவர்கள் மருந்து நிறுக்கும் அலகுக்குக் ‘கிரேன்’ என்று பெயர். தானியமணி என்பதே அதன் பொருள். 7000 கிரேன் ஓர் இறாத்தல். வாற்கோதுமை மணியை எடைக்கல்லாகக் கொண்ட பழங்காலத்தின் எச்சம் அது. இரத்தினபுரி மாணிக்க வணிகர் பேசும் ‘கரட்’ என்பதும் ஒரு விதையின் பெயரே. மத்தியதரைக் கடலோரத்துக் கரோப் மரத்தின் விதை. 1907இல் அது 200 மில்லிகிராம் என்று உலகப் பொதுவாக வரையறுக்கப்பட்டது. நம் பொற்கொல்லரின் குன்றிமணியும் மஞ்சாடியும் விதைகளே. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. சிங்களரும் மஞ்சாடியை ‘மதட்டிய’ என்று எடைக்குக் கொண்டனர். ஆங்கிலேயன் வாற்கோதுமையைத் தேடினான், கிரேக்கன் கரோப் விதையைத் தேடினான், தமிழன் மஞ்சாடியைத் தேடினான். ஒன்றையொன்று ஒத்திருக்கும் பொருளைத் தேடி மூவரும் மரத்தடிக்கும் வயலுக்குமே சென்றனர்.

நூல்களில் இவற்றைப் படிக்குமுன்பே, இவற்றின் சாரத்தை ஒரு கிழவரிடம் நான் கண்டிருந்தேன். 1970களின் பிற்பகுதியில் பலாங்கொடைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றிலே படிப்பித்தேன். தோட்டத்து எல்லையை ஒட்டிய சிங்களக் கிராமத்திலே, அனுமதிப்பத்திரம் பெற்று, வாய்வழி மருந்திடும் பழைய துவக்கொன்று வைத்திருந்தார் அவர். மரவள்ளியையும் வற்றாளையையும் பன்றியிடமிருந்து காப்பதற்காக வைத்திருந்தது. லயத்துப் பிள்ளைகள் அவரைச் ‘சீயா’ என்றே அழைத்தனர். நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை ‘இஸ்கோலே மாத்தயா’ என்பார்.

மருந்தளக்க அவரிடம் மூங்கிற் கணுவொன்று இருந்தது. தந்தை காலத்தது என்றார். அதனை நிரப்பி, திண்ணைக் கல்லிலே மூன்று முறை தட்டுவார். நான்காவது முறை தட்டுவதில்லை. பின்னர் ஈர்க்குக் குச்சியால் வாயை வழித்துத் தலைதட்டுவார். தக்கைக்குத் தென்னந்தும்பு, அதுவும் ஒரே பருமனாக உருட்டியது. ஈய உருண்டைகளைச் சிரட்டைத் தராசிலே ஒன்றோடொன்று நிறுத்து, ஒவ்வாததை மீண்டும் உருக்கப் போட்டுவிடுவார். இரத்தினபுரி மாவட்டத்து மழையையும் ஈரத்தையும் சொல்ல வேண்டுவதில்லை. ஈரம் உறிஞ்சிய மருந்தை அவர் தொடவே மாட்டார். அடுப்படிக்கு அப்பால், மூடிய கொம்பிலே அது இருந்தது. “கூடப் போட்டால் துவக்குக்குக் கோபம், குறையப் போட்டால் பன்றிக்குச் சிரிப்பு” என்று தமக்குத் தெரிந்த தமிழிலே ஒருநாள் சொன்னார். முப்பது அடிக்கு அப்பால் வெற்றிலை ஒன்றைக் குத்தி வைத்து மூன்று முறை சுட்டுக் காட்டினார். மூன்று துளைகளையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடலாம் போலிருந்தது. அதற்கு அப்பாலுள்ள எதையும் அவர் சுட்டதில்லை. தம் அளவு எங்கே முடிகிறது என்பதை அறிந்திருந்தார்.

அதே எல்லைக் காட்டிலே வேறொரு வகைத் துவக்கும் இருந்தது. அதற்குக் கட்டுத்துவக்கு என்று பெயர். ஏதேனுமொரு குழலை மரத்தோடு கட்டி, கைப்பிடி கைப்பிடியாக மருந்தைத் திணித்து, ஆணியும் இரும்புச் சிராயும் இட்டு, விலங்கு நடக்கும் தடத்துக்குக் குறுக்கே நூலை இழுத்து விட்டுப் போய்விடுவார்கள். நூலிலே படுவது பன்றியா மனிதனா என்று அதற்குத் தெரியாது. பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுவதால் மனிதனுக்குக் காலிலே படும். என்னிடம் ஐந்தாம் வகுப்புவரை படித்த பையன் ஒருவன், பதினாறு வயதிலே, விறகுக்குச் சென்றவன் அந்த நூலை மிதித்தான். போர்வையைக் கம்பிலே கட்டி அவனைத் தூக்கி வந்தார்கள். உயிர் பிழைத்தான், முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள். கட்டியவர் யாரென்று ஊரிலே எவரும் சொல்லவில்லை. குழலையும் மறுநாள் காணவில்லை.

சீயா அன்று மாலை லயத்துக்கு வந்து, பையனின் தாயிடம் நெடுநேரம் பேசாமலே நின்றார். தம் துவக்கு அதுவன்று என்று சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அவர் துவக்கு எங்கே இருக்கிறது, எதைச் சுட்டது, எத்தனை முறை சுட்டது என்பதை ஊர் முழுவதும் அறியும்.

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், வெடிமருந்து செய்வதையும் வைத்திருப்பதையும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டமும் ஆள்கின்றன. அனுமதியின்றி வீட்டிலே மருந்து அரைப்பதும் தோட்டா நிரப்புவதும் இங்கே குற்றம். அதற்குக் காரணமும் இம்மாகாணத்திலேயே உண்டு. 1971 மார்ச்சில், ஏப்ரல் கிளர்ச்சிக்குச் சில வாரங்களுக்கு முன், கேகாலைப் பகுதியின் நெலுந்தெனியாவிலே இரகசியமாகக் குண்டு செய்த இடம் வெடித்துச் செய்தவர்களே மாண்டனர். ஆகவே இக்கட்டுரையைப் படித்து எவரும் மேசை போட வேண்டாம். படிப்பதற்கு உரியது இக்கலையின் ஒழுக்கமே.

அந்த ஒழுக்கத்தை நான் பலகாலம் சிந்தித்ததுண்டு. அளந்து நிரப்பிய தோட்டாவுக்கும் கட்டுத்துவக்குக்கும் உள்ள வேறுபாடு திறமையிலே மாத்திரம் இருப்பதன்று. அளந்தவன் குறிப்பேட்டிலே நாளும் எடையும் எழுதி வைக்கிறான். ரவை தவறினால் தவறிய இடத்தைத் தேடிப் பின்னோக்கி நடந்து, தன் தராசு வரை வந்து சேரலாம். ஒவ்வொரு வெடிக்கும் பதில் சொல்ல ஒருவன் இருக்கிறான். கட்டுத்துவக்கின் பின்னே எவரும் இல்லை. கைப்பிடி மருந்துக்குக் கணக்கில்லை. கணக்கில்லாத இடத்திலே பொறுப்பும் இல்லை. அந்தப் பையனுக்குக் காலைவிடப் பெரிய இழப்பு, கேட்பதற்கு ஒரு பெயர்கூட இல்லாமற் போனதுதான்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய பாடமன்று. மலையிலிருந்து கூடையோடு இறங்கி, கொழுந்துத் தராசின் முன்னே வரிசையில் நிற்கும் பெண்களைக் கேளுங்கள். ஈரக்கழிவு என்றும் கூடைக்கழிவு என்றும் கணக்கிலே எத்தனை இறாத்தல் போகிறது என்பதை அவர்கள் ஏடு பாராமலே சொல்வார்கள். நேற்றுப் பிடித்த கழிவும் இன்று பிடிக்கும் கழிவும் ஒன்றாயில்லை என்பதே அவர்களுடைய பழைய முறைப்பாடு. முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பவளை வாயாடி என்பவர் உண்டு. அவளே அளவறிந்தவள். சீயாவின் மூங்கிற் கணு மூன்றாவது தட்டோடு நின்றதற்கும், இவள் தராசு முள்ளிலே கண் வைத்திருப்பதற்கும் காரணம் ஒன்றே.

கால் இழந்த அந்தப் பையன் பின்னர் கணக்குப் படித்தான். தோட்டத்திலே அவனுக்குக் கிடைத்த இலேசான வேலை, இறப்பர்ப்பால் நிறுக்கும் இடத்திலே எடை பதிவது. வாளியை வைத்துவிட்டு முள் ஆடி ஓயும்வரை அவன் பேனாவை எடுப்பதில்லை என்று பால்வெட்டும் ஆட்கள் சொல்வார்கள். அதனால் வரிசை நீண்டுவிடுகிறது என்று சிலர் அலுத்துக்கொண்டதுமுண்டு. ஆயினும் அவன் ஏட்டிலே எழுதிய எண்ணை எவரும் மறுத்துப் பேசியதாக நான் கேள்விப்படவில்லை.